1980ஆம் ஆண்டுப் பாய்மரப் படகு: லங்காவியிலிருந்து காலிக்குப் புறப்படுமுன் எதை முதலில் பிரிப்பது?

கேள்வி: பினாங்குப் பொறியாளர்

அனைவருக்கும் வணக்கம். முப்பது ஆண்டுகள் தொழிற்சாலைகளில் இயந்திரப் பராமரிப்புப் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்ற நான், சென்ற ஆண்டு மலேசியாவின் லங்காவித் தீவில் 37 அடி நீளமுள்ள பாய்மரப் படகு ஒன்றை வாங்கினேன். 1980ஆம் ஆண்டு தைவானில் கட்டப்பட்ட கண்ணாடியிழைப் படகு அது. அடியில் நீண்ட கீல் (அடிமுதுகு), ஒற்றைப் பாய்மரம், முன்புறம் இரண்டு பாய்கள், மேல்தளம் முழுவதும் தேக்குப் பலகை. பெருந்தொற்றுக் காலத்தில் ஊர் திரும்பிய முந்தைய உரிமையாளர்கள் மறுபடி வர முடியாமல் போனதால், மூன்று ஆண்டுகளுக்கு மேல் வெயிலிலும் மழையிலும் கரையில் முட்டுக்கொடுத்து நிறுத்தப்பட்டிருந்தது. விலை மலிவாக அமைந்ததற்கு அதுதான் காரணம் என்பது வாங்கும்போதே எனக்குத் தெரியும்.

வரும் ஜனவரியில் வாடைக்காற்று நிலைத்தவுடன், நானும் என் மனைவியும் இலங்கையின் காலித் துறைமுகத்துக்கும், அங்கிருந்து மாலத்தீவின் வடக்குப் பகுதிக்கும் செல்ல எண்ணியிருக்கிறோம். முதல் கட்டம் மட்டும் சுமார் 1,170 கடல் மைல். மணிக்கு 5 கடல் மைல் என்று வைத்துக்கொண்டால் பத்து நாள். இப்போது ஆகஸ்ட் மாதம். கையில் இருப்பவை ஐந்து மாதமும் 90,000 ரிங்கிட்டும்.

படகின் நிலைமையைச் சொல்கிறேன். அதிலுள்ள பெர்கின்ஸ் 4.108 டீசல் என்ஜின் முதல் முயற்சியிலேயே கிளம்பிச் சீராக ஓடுகிறது. பாய்மரத்தைத் தாங்கும் கம்பிகள் 2009இல் மாற்றப்பட்டதாக ஒரு பழைய ரசீது சொல்கிறது. தேக்குப் பலகைகளின் இடுக்குகளில் உள்ள கறுப்புப் பூச்சு பல இடங்களில் பிளந்திருக்கிறது. இடப்புறம் ஓரிடத்தில் கால் வைத்தால் தளம் லேசாக அமுங்குகிறது. அதற்கு நேர் கீழே, படுக்கைக்கு மேல், தேநீர் நிறத்தில் ஒரு கறை. அடிப்புறத்தில் காசளவில் நாற்பது கொப்புளங்களை எண்ணினேன். கடல்நீர் உள்ளே வரவும் வெளியேறவும் உள்ள பதினொரு துளைகளின் வால்வுகளில் நான்கு திரும்ப மறுக்கின்றன.

படகிலேயே குடியிருக்கப் போவதால், லித்தியம் மின்கலம், சூரியத் தகடுகள், கடல்நீரைக் குடிநீராக்கும் கருவி ஆகிய மூன்றையும் முதலில் வாங்கிப் பொருத்திவிட்டு, பிறகு தேக்கு இடுக்குகளுக்குப் புதுப் பூச்சு அடைத்து, கொப்புளங்களைச் சுரண்டிச் சரிசெய்து, மிஞ்சும் பணத்தில் மற்றவற்றைப் பார்க்கலாம் என்பது என் திட்டம். என் மனைவி விதித்திருக்கும் நிபந்தனைகள் இரண்டே: படுக்கை நனையக் கூடாது; கழிப்பறை வேலை செய்ய வேண்டும். இந்த வரிசை சரிதானா என்று அனுபவமுள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

பதில்: ஜூரோங் பட்டறை

ஐயா, உங்கள் பட்டியலைத் தலைகீழாகத் திருப்பினால் ஏறக்குறையச் சரியாக இருக்கும். சிங்கப்பூரில் இருபது ஆண்டுகளாகப் படகுப் பழுதுபார்ப்பில் இருக்கிறேன். உங்கள் படகைப் போன்ற பழைய படகுகள் பலவற்றைப் பிரித்துப் பார்த்தவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

முதலில் பார்க்க வேண்டியவை செயின்பிளேட்டுகள், அதாவது பாய்மரத்தைத் தாங்கும் கம்பிகளைப் படகின் உடலோடு பிணைக்கும் எஃகுப் பட்டைகள். துருப்பிடிக்காத எஃகைக் காப்பாற்றுவது அதன் மேற்பரப்பில் ஆக்சிஜனால் உருவாகும் குரோமியம் ஆக்சைடு படலம் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பட்டை மேல்தளத்தைத் துளைத்து இறங்கும் அந்த இரண்டு விரற்கடை இடத்தில் உப்புநீர் கசிந்து தேங்கிவிட்டால், ஆக்சிஜன் கிட்டாமல் அந்தப் படலம் அழிந்து, உலோகம் உள்ளுக்குள்ளேயே அரிக்கப்படுகிறது. மேலிருந்து பார்த்தாலும் பளபளக்கும், கீழிருந்து பார்த்தாலும் பளபளக்கும்; நடுவில் பாதி உலோகம் இருக்காது. எனவே ஒவ்வொன்றையும் வெளியே இழுத்து, சாயம் ஊடுருவ விட்டு விரிசல் பார்க்கும் சோதனையைச் செய்யுங்கள். சந்தேகம் எழுந்தால் எல்லாப் பட்டைகளையும் 316 தர எஃகில் புதிதாக வெட்டிக்கொள்ளுங்கள். போல்ட்டுகளைப் பழையபடியே போட்டுவிடும் சிக்கனம் மட்டும் வேண்டாம்.

2009இல் போட்ட கம்பிகளுக்குப் பதினைந்து ஆண்டு ஆகிவிட்டது. பெரும்பாலான காப்புறுதி நிறுவனங்கள் பத்திலிருந்து பதினைந்து ஆண்டுக்குள் மாற்றச் சொல்கின்றன. மாற்றும்போது இயந்திரத்தில் நசுக்கிப் பொருத்தும் முனைகளைத் தவிர்த்து, கழற்றிப் பூட்டக்கூடிய முனைகளை வாங்குங்கள். அவற்றைச் சாதாரணச் சாவிகளை வைத்து நீங்களே பொருத்த முடியும். படகிலுள்ள மிக நீளமான கம்பியைவிட ஒரு முழம் கூடுதலான கம்பி ஒன்றும் இரண்டு முனைகளும் உடன் இருந்தால், நடுக்கடலில் எந்தக் கம்பி அறுந்தாலும் ஈடுசெய்யலாம்.

வால்வுகளைப் பொறுத்தவரை, திரும்ப மறுக்கும் நான்கைவிடத் திரும்பும் ஏழுதான் என்னைக் கவலைப்படுத்துகின்றன. வட்டக் கைப்பிடி உள்ளவை என்றால், அவை வீட்டுக் குழாய்க்கான பித்தளை வால்வுகளாக இருக்கக்கூடும். உப்புநீரில் பித்தளையிலுள்ள துத்தநாகம் கரைந்து வெளியேற, எஞ்சுவது பஞ்சு போன்ற செம்பு. கத்தி முனையால் சுரண்டிப் பாருங்கள். மஞ்சளாக இருக்க வேண்டிய உலோகம் இளஞ்சிவப்பாகத் தெரிந்தால் அது கையோடு உடைந்து வரும் நாள் தொலைவில் இல்லை. பதினொன்றையும் வெண்கலத்துக்கோ கண்ணாடியிழை கலந்த நைலானுக்கோ மாற்றுங்கள். அப்படி மாற்றும்போதே, பதினொரு துளை தேவையா என்றும் யோசியுங்கள். கை கழுவும் தொட்டிக்கும் சமையல் தொட்டிக்கும் ஒரே வெளியேற்றம் போதும். மூடிய ஒவ்வொரு துளையும் ஒரு கவலை குறைவு.

கொப்புளங்களை அப்படியே விட்டுவிடுங்கள். நாற்பது கொப்புளத்தால் மூழ்கிய படகை நான் கண்டதில்லை. முழுச் சிகிச்சை என்றால் மேற்பூச்சை உரித்து மாதக்கணக்கில் உலர விட வேண்டும். லங்காவியின் ஈரக்காற்றில் அது உலரும் என்று காத்திருப்பதும் வீண். பெரியவற்றை மட்டும் குடைந்து, கழுவி, எபாக்சி பசையால் நிரப்பினால் போதும்.

தளம்தான் உண்மையான பெரிய வேலை. அந்தத் தேக்குப் பலகைகள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட திருகாணிகளால் கண்ணாடியிழையின் மேல்தோலுக்குள் இறக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு திருகாணியும் மேல்தோலுக்கும் கீழ்த்தோலுக்கும் நடுவிலுள்ள பால்சா என்னும் இலேசான மரத்துக்கு நீர் கொண்டுபோகும் வழி. நீங்கள் இடுக்கில் புதுப் பூச்சு அடைப்பது, உள்ளே போன நீரைப் பூட்டி வைப்பதாகவே முடியும். தேக்கை முழுவதுமாக எடுத்துவிட்டு, நனைந்த பால்சாவை மாற்றி, மேலே கண்ணாடியிழை போர்த்துவதுதான் தீர்வு. ஆனால் லங்காவியில் செப்டம்பரும் அக்டோபரும் பெருமழை மாதங்கள். இப்போது தளத்தைத் திறந்தால், உலர்ந்த பகுதியையும் நனைத்துக்கொள்வீர்கள். தளத்தைத் திறக்க உகந்த காலம் டிசம்பர் முதல் மார்ச் வரை. நீங்கள் புறப்பட நினைத்திருப்பதும் அதே காலத்தில்தான். ஆகவே, உங்களுக்கு விருப்பமில்லாத ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது: வரும் ஜனவரியை மறந்துவிட்டு அடுத்த ஜனவரிக்குத் திட்டமிடுங்கள்.

பதில்: வல்வைத் தண்டையல்

மேலே எழுதியவரின் கருத்தை முழுமையாக ஏற்கிறேன். நான் வல்வெட்டித்துறையில் பிறந்து இப்போது பிரிஸ்பேனில் வசிப்பவன். எங்கள் ஊரில் கட்டப்பட்ட அன்னபூரணி என்னும் பாய்க்கப்பல், எங்கள் ஊர்க் கடலோடிகளுடன் 1938இல் அமெரிக்காவின் குளோசெஸ்டர் துறைமுகம் வரை சென்றடைந்தது என்ற கதையைக் கேட்டு வளர்ந்ததால்தானோ என்னவோ, எனக்கும் ஒரு பழைய 34 அடி வள்ளம் வாய்த்தது. நீங்கள் கேட்கும் அதே லங்காவி–காலிப் பாதையை ஒரு பெப்ரவரியில் பதினொரு நாளில் கடந்தேன்.

காற்று உங்களுக்குச் சாதகமாகவே இருக்கும். சுமாத்திராவின் வடமுனையைத் தாண்டியதும் வலப்புறப் பின்பக்கத்திலிருந்து வாடை சீராக வீசும். பாயை இரண்டு நாளைக்கு ஒருமுறை தொட்டால் போதும். ஆனால் அந்தப் பத்து நாளும் ஓய்வின்றி உழைப்பது சுக்கான். ஒவ்வொரு அலையும் பின்னாலிருந்து தூக்கித் திருப்ப, ஒவ்வொரு முறையும் சுக்கான்தான் அதை நேராக்குகிறது. உங்கள் பட்டியலில் சுக்கான் என்ற சொல்லே இல்லாததைக் கண்டு வியந்தேன்.

அந்தக் காலச் சுக்கான்கள் பலவற்றில், எஃகுத் தண்டில் பற்றவைத்த தகடுகளைச் சுற்றி நுரை நிரப்பி, இருபுறமும் கண்ணாடியிழை ஓடு போர்த்தியிருப்பார்கள். தண்டு உள்ளே நுழையும் இடத்தில் நீர் புகுந்து, பற்றவைப்பு அரிக்கப்பட்டால், சக்கரம் திரும்பும், தண்டு திரும்பும், சுக்கான் திரும்பாது. படகு கரையில் இருக்கும்போதே சுக்கானின் அடிமுனையில் சிறு துளை ஒன்று போட்டுப் பாருங்கள். நிறமற்ற நீர் சிறிது வடிந்தால் பெரிதாக அஞ்ச வேண்டாம். பழுப்பு நிறத்தில் வடிந்தால் அந்தக் கண்ணாடியிழை ஓட்டைப் பிளந்து தகடுகளைப் பார்த்தே ஆக வேண்டும்.

எனக்கு நேர்ந்தது வேறு. ஆறாம் நாள் விடியற்காலையில் சக்கரத்திலிருந்து சுக்கானுக்குச் செல்லும் எஃகு வடம் அறுந்தது. அவசரத்துக்கென்று வைத்திருந்த கைப்பிடியை எடுத்துத் தண்டின் தலையில் பொருத்தியபோதுதான், பின்புற இருக்கையில் அது இடித்துக்கொண்டு இருபது பாகைக்கு மேல் திரும்பாது என்பது தெரிந்தது. வாங்கிய நாள் முதல் அதை நான் ஒருமுறைகூடப் பொருத்திப் பார்த்ததில்லை. இருக்கையின் மூலையை அரம்பத்தால் அறுத்துத் தள்ளிவிட்டு, வடத்தை மாற்றும் வரை ஒன்பது மணி நேரம் அந்தக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டிருந்தேன். நீங்கள் இன்றைக்கே அதைப் பொருத்திப் பாருங்கள். ஒரு காசும் செலவில்லை.

என்ஜின் சீராக ஓடுகிறது என்றீர்கள். கரையிலும் துறைமுகத்திலும் எல்லா என்ஜினும் சீராகத்தான் ஓடும். பல ஆண்டுகள் நின்ற டீசல் தொட்டியின் அடியில், வெப்ப நாட்டு ஈரத்தில் வளரும் நுண்ணுயிர்கள் கறுப்புச் சேறாகப் படிந்திருக்கும். கடலில் படகு உருளத் தொடங்கியதும் அது கலங்கி வடிகட்டியை அடைக்கும். தொட்டியின் மேல் கை நுழையும் அளவுக்கு ஒரு திறப்பு வெட்டி, உள்ளே வழித்துச் சுத்தம் செய்யுங்கள். வடிகட்டிகள் ஒன்றிரண்டல்ல, ஒரு டசன் எடுத்துச் செல்லுங்கள்.

கடைசியாக ஒன்று. தெய்வேந்திர முனைக்குத் தெற்கே கப்பல்கள் சாரிசாரியாகப் போகும்; இலங்கைக் கடற்றொழிலாளர்களின் பல நாள் படகுகளும் அங்கே ஏராளம். மீனைக் கொடுத்துச் சிகரெட் கேட்டு மிக அருகில் வருவார்கள். பெரும்பாலும் நல்ல மனிதர்கள்தாம், ஆனால் அவர்களின் மரப்படகு உங்கள் பக்கவாட்டில் உரசினால் செலவு உங்களுடையது. உங்கள் இருப்பைப் பிறர் திரையில் காட்டும் ஏஐஎஸ் கருவி, பெறுவதோடு அனுப்பவும் செய்வதாக இருக்கட்டும்.

கேள்வி கேட்டவர்: பினாங்குப் பொறியாளர்

இருவருக்கும் நன்றி. அடுத்த ஜனவரி என்பது மனத்துக்கு ஒப்பவில்லை. அறுபத்து மூன்று வயதில் ஓர் ஆண்டு சிறியதல்ல. தளத்தின் அமுங்கும் பகுதியை மட்டும் உள்ளிருந்து எபாக்சி செலுத்தி இறுக்கிவிட்டு, தேக்கை அப்படியே வைத்துக்கொண்டு புறப்பட முடியாதா? மேலும், மின்கலம் பற்றி யாருமே எதுவும் சொல்லவில்லையே?

பதில்: தூத்துக்குடி மின் அதிகாரி

வணிகக் கப்பல்களில் மின் அதிகாரியாகப் பணிபுரிகிறேன். விடுமுறைகளில் நண்பர்களின் பாய்மரப் படகுகளுக்குக் கம்பி இழுப்பது என் பொழுதுபோக்கு. மின்கலத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

கருவியை வாங்குமுன் கணக்கைப் போடுங்கள். 12 வோல்ட்டில் குளிர்பெட்டிக்கு நாளொன்றுக்கு 40 முதல் 50 ஆம்பியர்-மணி, மின் தானியங்கிச் சுக்கானுக்கு அலையைப் பொறுத்து 70 அல்லது 80, விளக்கு, ஏஐஎஸ், மற்றவற்றுக்கு 25 என்று வைத்தால் 150ஐத் தொடும். 400 வாட் சூரியத் தகடு, பாயின் நிழலையும் கழித்து, அந்தக் கடலில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 130 தரலாம். ஆக, உங்கள் பற்றாக்குறைக்குக் காரணம் மின்கலத்தின் வகை அல்ல; தானியங்கிச் சுக்கான். அதற்குப் பதில் காற்றின் விசையாலேயே இயங்கும் காற்றிதழ்ச் சுக்கான் ஒன்றைப் பின்புறம் பொருத்தினால், கணக்கு பாதியாகக் குறையும். அப்போது சாதாரண ஈய மின்கலங்களே போதும். சில வகைக் காற்றிதழ்க் கருவிகளுக்கு அவற்றுக்கே உரிய தனிச் சுக்கான் உண்டு. தண்டையல் அண்ணன் விவரித்த நிலைமையில் அதுவே மாற்றுச் சுக்கானாகவும் உதவும்.

லித்தியம்தான் வேண்டும் என்றால், அது மின்கலத்தை மட்டும் மாற்றும் வேலை அல்ல என்பதை அறிந்து செய்யுங்கள். லித்தியம் இரும்பு பாஸ்பேட் மின்கலம், தரப்படும் மின்னோட்டத்தை எல்லாம் தயங்காமல் வாங்கிக்கொள்ளும்; என்ஜினின் பழைய ஆல்டர்னேட்டர் (மின்னாக்கி) அந்தப் பசிக்கு ஈடுகொடுத்துச் சூடேறியே கருகிவிடும். மின்கலத்தின் பாதுகாப்புச் சுற்று திடீரெனத் துண்டித்துக்கொண்டால், எழும் மின்னழுத்த உந்தலில் ஆல்டர்னேட்டரின் டயோடுகள் போய்விடும். வெப்பத்தைக் கணித்து மட்டுப்படுத்தும் வெளிச் சீராக்கி இல்லாமல் அதைத் தொடாதீர்கள். என்ஜினைக் கிளப்பும் மின்கலம் எப்படியும் தனி ஈய மின்கலமாகவே இருக்கட்டும்.

ஆனால் இவை எல்லாவற்றுக்கும் முன்பு, ஏதேனும் ஒரு பழைய கம்பியின் உறையை ஒரு முழம் உரித்துப் பாருங்கள். உள்ளே செம்பு கறுத்திருந்தால், வெள்ளீயம் பூசிய செப்புக் கம்பியால் முழுவதையும் புதிதாக இழுக்க வேண்டும். ஒவ்வொரு மின்கலத்தின் நேர்முனையிலிருந்தும் ஒரு சாண் தூரத்துக்குள் ஓர் உருகி (ஃபியூஸ்) இருக்க வேண்டும். படகில் தீ என்பது கசிவைவிடக் கொடியது.

குடிநீர்க் கருவி பற்றி: இருவருக்கு நாளொன்றுக்குத் தலைக்கு நான்கு லிட்டர், பத்து நாளுக்கு 80 லிட்டர். உங்கள் தொட்டியே 300 லிட்டருக்குக் குறையாது என நினைக்கிறேன். காலிக்குப் போக அந்தக் கருவி தேவையில்லை. பயன்படுத்தாமல் வைத்தால் அதன் சவ்வு கெட்டுவிடும் என்பதால், ஓராண்டு முன்கூட்டியே வாங்கி வைப்பது இழப்பு.

கேள்வி கேட்டவர்: பினாங்குப் பொறியாளர் (ஏழு வாரங்களுக்குப் பின்)

மழை விடாமல் பெய்யும் ஒரு பிற்பகலில், படகின் உள்ளே அமர்ந்து இதை எழுதுகிறேன்.

அவசரக் கைப்பிடியை அன்றே பொருத்திப் பார்த்தேன். இருக்கையில் இடிக்கவில்லை, ஆனால் அதன் துளை தண்டின் தலையைவிடச் சிறியது. எந்தப் படகுக்குச் செய்ததோ, என் படகில் கிடக்கிறது. நானே கடைந்து வேறொன்று செய்துவிட்டேன்.

பாரந்தூக்கி வரவழைத்துப் பாய்மரத்தை இறக்கினோம். எட்டு செயின்பிளேட்டுகளில் மூன்றில் சாயச் சோதனையில் விரிசல் தெரிந்தது. நான்காவதில் சோதனைக்கே வேலை இருக்கவில்லை. போல்ட்டைத் தளர்த்திச் சுத்தியலால் தட்டியதும், ஜூரோங் நண்பர் குறிப்பிட்ட அதே இரண்டு விரற்கடை இடத்தில் ஒடிந்து கையில் வந்தது. இடப்புற முதன்மைக் கம்பியைத் தாங்கியது அதுதான். ஒடிந்த முகத்தில் புதிய உலோகமாகப் பளிச்சென்று தெரிந்தது மூன்றில் ஒரு பங்குதான். அதை மேசை மேல் வைத்திருக்கிறேன். நான் எதுவும் விளக்க வேண்டியிருக்கவில்லை. என் மனைவியே அதைக் கையிலெடுத்துப் பார்த்துவிட்டு, "அடுத்த ஜனவரியே போகலாம்" என்றாள்.

வால்வுகளில் ஒன்பது இளஞ்சிவப்பு. துளைகளை ஏழாகக் குறைத்து, எல்லாவற்றுக்கும் வெண்கல வால்வு போட்டாயிற்று. சுக்கானில் துளையிட்டதில், தேநீர் நிறத்தில் ஒன்றரை நாள் சொட்டியது. அடுத்த வாரம் அதன் கண்ணாடியிழை ஓட்டைப் பிளக்கிறோம். தளத்தைத் திறக்கவில்லை, உள்ளிருந்து கீழ்த்தோலில் மட்டும் பன்னிரண்டு இடங்களில் துளை போட்டுப் பார்த்தேன். ஏழில் உலர்ந்த வெளிர் தூள் வந்தது. இடப்புறமுள்ள ஐந்தில் துளைப்பான் முனையில் ஈரமான பழுப்புக் குழைவு ஒட்டிக்கொண்டது. எபாக்சி செலுத்தி இறுக்கும் யோசனையை அத்துடன் கைவிட்டேன். நனைந்த மரத்தில் அது பிடிக்க வழியில்லை.

புதிய திட்டம் இது. டிசம்பரில் படகின் மேல் முழுக் கூடாரம் கட்டித் தேக்கை எடுத்துத் தளத்தை முடிப்பது, மார்ச்சுக்குப் பிறகு கம்பிகளும் பாய்மரமும், ஆண்டின் பிற்பகுதியில், சுமார் 260 கடல் மைல் தொலைவில், சுமாத்திராவின் வடமுனையருகே உள்ள சபாங் வரை ஒருமுறை போய்வந்து கோளாறுகளைப் பார்ப்பது, அதன்பின் காலி. லித்தியம் இப்போதைக்கு இல்லை. காற்றிதழ்ச் சுக்கான் ஒன்று பயன்படுத்திய நிலையில் கிடைத்திருக்கிறது.

இன்னும் ஒரு கேள்வி. அழுகிய பால்சாவுக்குப் பதிலாக மறுபடி பால்சாவையே வைப்பதா, ஒட்டுப்பலகையா, நுரைத் தகடா?

பதில்: ஜூரோங் பட்டறை

ஒட்டுப்பலகை வேண்டாம், ஐயா. கனம் அதிகம், நனைந்தால் நீர் பலகையின் வழியே நெடுந்தூரம் ஓடும். பால்சா வலிமையானது, மலிவானது. நுரைத் தகடு விலை கூடுதல், ஆனால் அழுகாது. பரப்பு ஐந்தாறு சதுர மீட்டருக்குள் என்றால் நுரையையே வாங்குங்கள். செயின்பிளேட்டுகளும் நங்கூர வடத்தைச் சுற்றும் விஞ்சும் பூட்டப்படும் இடங்களில் இரண்டுமே வேண்டாம்; அங்கே கண்ணாடியிழையை மட்டும் அடுக்கடுக்காக வைத்துத் திண்மையாக நிரப்புங்கள்.

வெப்பத்தில் எபாக்சி விரைவில் இறுகும் என்பதால், மெதுவாக இறுக்கும் வகையைக் கேட்டு வாங்குங்கள். காலையில் பூசாதீர்கள். வெயில் ஏற ஏற உள்ளடுக்கில் இருக்கும் காற்று விரிந்து, பூச்சில் குமிழியாக வெளியேறும். பிற்பகல் நான்கு மணிக்கு மேல், வெப்பம் இறங்கத் தொடங்கியதும் பூசினால், சுருங்கும் காற்று பசையைத் தானே உள்ளே இழுத்துக்கொள்ளும். மறுநாள் அதன் மேல் மெழுகு போல வழவழப்பு படிந்திருக்கும். ஈரக்காற்றில் அது நிச்சயம் வரும். தண்ணீர் விட்டு நாரால் தேய்த்துக் கழுவிய பிறகே அடுத்த அடுக்கு. கழுவாமல் உப்புத்தாள் போட்டால், அந்த வழவழப்பைத் தளம் முழுவதும் தடவிவிடுவீர்கள். ஓடு பிளந்தபின் சுக்கான் தகடுகளின் படங்களை இங்கே இடுங்கள். பற்றவைப்பைப் பார்த்துவிட்டுத் தண்டை மாற்ற வேண்டுமா என்று சொல்கிறேன்.